சுகமாக இருக்கும் நாளிலும் ஒரு மாத்திரை



 உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் இந்த மருத்துவப் பணி தடையின்றி நடந்து வருகிறது. இதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்கு இருந்தும், அவர்களே அறியாமலிருக்கிற ஒரு நோயைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம். அது உயர் இரத்த அழுத்தம். நம் ஊர்களில் இதை இரத்தக் கொதிப்பு என்றும் பிரஷர் என்றும் சொல்லுகிறோம். அதைக் கவனியாமல் விட்டால் வரக்கூடிய பக்கவாதத்தைப் பற்றியும், அதைத் தடுக்கும் வழியைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறோம்.

கிராமத்து ஆலய வளாகத்தில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமுக்கு ஒரு கொத்தனார் வந்திருந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் கண்ணைக் காட்டத்தான் அழைத்து வந்தார். வந்த இடத்தில் அவருக்கும் அழுத்தம் பார்த்தோம். 190-க்கு 110 இருந்தது. “எனக்கு ஒண்ணும் செய்யலையே சிஸ்டர்” என்று சிரித்தார். ஒரு மாதத்திற்கு மாத்திரை கொடுத்து, மறுபடி வரச் சொன்னோம். வந்தார். அளவு நன்றாக இறங்கியிருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம், அவரும் மகிழ்ந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டிருந்தன. வாய் கோணி, பேச்சு நின்றுபோயிருந்தது. முந்தின நாள் காலையிலேயே கை மரத்துப்போயிருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். சாயங்காலம் யாரோ சொன்னபடி புறா இரத்தம் பூசியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

அவருடைய மனைவி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் கொடுத்ததுதான். அதில் நான்கு மாத்திரைகள் மீதியிருந்தன. “நல்லாத்தானே இருந்தாரு, நல்லா இருக்கிற மனுஷனுக்கு மாத்திரை எதுக்குன்னு நாங்கதான் சிஸ்டர் நிறுத்திட்டோம்” என்றார்கள்.

இதில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. மாத்திரையைக் கொடுத்தோம், அது எத்தனை நாளைக்கு என்பதை அவர் மனதில் பதியும்படி சொல்லவில்லை. அவர் வராமற்போனதையும் நாங்கள் கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத எங்களை ஏவியது அந்த நான்கு மாத்திரைகள்தான்.

இரத்த அழுத்தம் என்பது என்ன?

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தமே மேல் அளவு. இருதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் நேரத்தில் உள்ள அழுத்தம் கீழ் அளவு. ஆகவேதான் இரண்டு எண்களைச் சொல்லுகிறோம். வெவ்வேறு நாட்களில் சரியானபடி பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஓர் அளவு மட்டும் கூடியிருந்தாலும் அப்படியே.

இந்த அழுத்தத்தை முதன்முதல் அளந்தவர் ஒரு போதகர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் சபைக்குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது. இதை அவர் 1733-ஆம் ஆண்டு வெளியிட்டார். கையில் பட்டையைச் சுற்றிப் பாதரசத்தால் அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், முழங்கையின் உட்புறத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு இரண்டு அளவுகளையும் அறியும் முறையைக் கண்டார். இன்றும் நம் செவிலியர் கைக்கொள்ளும் முறை அதுவே. இப்போது பல இடங்களில் மின்கலத்தால் இயங்கும் கருவிகளும் வந்திருக்கின்றன.

அழுத்தம் எப்படிப் பக்கவாதமாகிறது?

வாய்க்காலில் தண்ணீர் அளவோடு பாய்ந்தால் கரை நிற்கும். எந்நாளும் வெள்ளமாகப் பாய்ந்தால் ஓரிடத்தில் கரை அரிக்கும், மற்றோரிடத்தில் வண்டல் சேர்ந்து அடைக்கும். மூளைக்குள் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களுக்கும் இதுதான் நேரிடுகிறது. ஆண்டுக்கணக்காக அழுத்தம் கூடியிருக்கும்போது அவற்றின் சுவர் தடித்து விறைக்கிறது. உட்புறம் குறுகி, இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டால் அது ஒரு வகைப் பக்கவாதம். சுவர் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்தால் அது மற்றொரு வகை. அடைப்பினால் வருவதே அதிகம். மூளையின் இடது பாகம் உடம்பின் வலது பக்கத்தை ஆளுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேயே இருக்கிறது. அதனாலேதான் நம் கொத்தனாருக்கு வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின.

இவ்வளவு கேடு உள்ளே நடக்கும்போது வெளியே ஓர் அடையாளமும் தெரியாது என்பதே இந்த நோயின் பெரிய ஆபத்து. தலைவலித்தால்தான், கிறுகிறுத்தால்தான் பிரஷர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அழுத்தம் 180 இருக்கிறவரும் நாள் முழுவதும் சாரத்தின்மேல் நின்று செங்கல் அடுக்கக்கூடும். அளந்து பார்த்தால் ஒழிய இதை அறிய முடியாது.

ஓர் அதிபருக்குக் கிடைக்காத மருந்து

அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் உட்கார்ந்திருந்தபோதே அவருடைய அழுத்தம் அபாயகரமாக உயர்ந்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300-க்கு 190. மூளையில் இரத்தம் கசிந்து அன்றே மரித்தார். வயது 63. மருத்துவர் அருகிலேயே இருந்தார். ஆனால் தினமும் எளிதாக உட்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரை அக்காலத்தில் எவரிடமும் இல்லை. அப்படிப்பட்ட மாத்திரைகள் 1950-களின் பிற்பகுதியிலேதான் வரத் தொடங்கின.

1967-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. அழுத்தம் மிகவும் உயர்ந்திருந்த 143 ஆண்களில் 73 பேருக்கு உண்மையான மாத்திரையும், 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் வந்தன. மருந்து பெற்றவர்களில் இரண்டே பேருக்குத்தான் வந்தன.

“வயதோடு நூறைக் கூட்டிக்கொள், அவ்வளவு இருக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்லுவதுண்டு. இதுவும் தவறு. மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த, 60 வயது கடந்த 4,736 பேரிடம் செய்த ஆய்வு 1991-இல் வெளியானது. மருந்து உட்கொண்டவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. மேல் அளவைப் பத்துப் புள்ளி குறைத்தாலே பக்கவாத ஆபத்து ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

ஓர் அதிபருக்கு அன்று கிடைக்காத மருந்து இன்று நம் கிராமத்து ஏழைக்கும் கிடைக்கிறது. சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையின் விலை ஒரு டம்ளர் தேநீரின் விலையைவிடக் குறைவு. அப்படியிருந்தும், உயர் இரத்த அழுத்தமுள்ள ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

ஏன் நிறுத்துகிறார்கள்?

இதைத்தான் நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். பின்பு நோயாளிகளிடம் கேட்டோம்.

அளவு சரியாகிவிட்டது என்பதுதான் முதற்காரணம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் போனதும் நிறுத்துகிறோம். இதுவும் அப்படியே என்று எண்ணுகிறார்கள். ஆனால் இங்கே அளவு சரியாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய அளவு திரும்பிவிடும். மனுஷன் சுகமாக இருக்கும் நாளிலும் போட வேண்டிய மாத்திரை இது.

இரண்டாவது, பயம். “ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், கிட்னி கெட்டுப்போகும்” என்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத அழுத்தமே. மாத்திரைகளுக்குச் சில தொந்தரவுகள் இல்லாமலில்லை. ஒன்றால் கணுக்கால் வீங்கலாம், ஒன்றால் வறட்டு இருமல் வரலாம், ஒன்றால் சிறுநீர் அதிகம் போகலாம். அவற்றைச் சொன்னால் வேறு மருந்து மாற்றிக் கொடுக்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

மூன்றாவது, வழிச்செலவு. மாத்திரை இலவசமானாலும் பஸ் கட்டணம் உண்டு, ஒரு நாள் கூலி போகிறது. மாதந்தோறும் இதைத் தாங்க எல்லாராலும் முடிவதில்லை.

நான்காவது காரணத்தைத் தாழ்மையோடு எழுதுகிறோம். ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, இனி மாத்திரை அவிசுவாசம் என்று நிறுத்துகிறவர்களும் நம் சபைகளில் உண்டு. நாங்களும் ஜெபிக்கிறவர்கள்தான். எங்கள் வார்டுகளில் ஒவ்வொரு நாளும் ஜெபத்தோடேதான் தொடங்குகிறது. ஆனால் சுவிசேஷத்தை எழுதின லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் ஜெபத்தோடு நின்றுவிடாமல் ஒரு மருந்தும் சொன்னார். தேவன் கொடுத்த சுகத்தை அளந்து பார்ப்பதில் குற்றமில்லை. மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். போதகர்கள் இதைச் சபையில் ஒரு வார்த்தை சொன்னால், நாங்கள் நூறு முறை சொல்லுவதைவிட அது பயனுள்ளதாயிருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. குழம்பில் போடும் உப்பு மட்டுமல்ல. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மோர்மிளகாய், கடை மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் கணக்கில் சேரும். இந்துப்பும் உப்புதான். சீனாவின் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தினவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியிட்டார்கள். ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேளாமல் அந்த உப்பை வாங்கக் கூடாது.

தினமும் அரைமணி நேரம் வேகமாக நடவுங்கள். கீரை, காய், பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி, மது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் அழுத்தத்தைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அழுத்தம் பார்க்கும்போது அவசரம் கூடாது. அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். கை இருதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். சட்டைக் கையின்மேல் பட்டையைச் சுற்றாதிருங்கள். இரண்டு முறை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

அடையாளம் தெரிந்தால் தாமதம் வேண்டாம்

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ பலமிழத்தல் அல்லது மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்ணில் பார்வை மங்குதல், நடையில் தள்ளாட்டம், இதுவரை வராத கடும் தலைவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்றே எண்ணி 108-ஐ அழையுங்கள். சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரு கைகளையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய பக்கவாதத்திற்கு அது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

அடைப்பினால் வந்த பக்கவாதமானால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அடைப்பா கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகையால் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். அது எங்கே இருக்கிறதென்று இன்றே விசாரித்து வையுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாயிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ, சோடாவோ, மாத்திரையோ வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெயும் புறா இரத்தமும் மூளையிலுள்ள அடைப்பை எடுக்கா. அவை எடுத்துக்கொள்வது நம்முடைய நேரத்தை மட்டுமே.

நாங்கள் செய்வதும், நீங்கள் செய்யக்கூடியதும்

அந்தக் கொத்தனார் உயிர் பிழைத்தார். பல மாதப் பயிற்சிக்குப் பின் கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். சில வார்த்தைகள் திரும்பியிருக்கின்றன. கரண்டி பிடிக்கும் வலது கை திரும்பவில்லை. அவருடைய மனைவி சித்தாள் வேலைக்குப் போகிறார்கள்.

அவருக்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். ஒவ்வொரு பிரஷர் நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் அடுத்து வர வேண்டிய தேதி. அந்தத் தேதியில் வராதவர்களின் அட்டைகளைத் தனியே எடுத்து, கிராம சுகாதார ஊழியர் அவர்கள் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார். நிலையான அளவில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறோம். கொடுக்கும்போது வீட்டில் ஒருவரையும் கூட உட்காரவைத்து, “சுகமாயிருக்கும்போதும் போட வேண்டும்” என்பதை அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்கிறோம். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்களை அதிலேயே தொடரும்படி உற்சாகப்படுத்துகிறோம். அதில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடுவதே எங்கள் வேலை.

ஆதலால், பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு மாத்திரைக்கும், மற்றொரு பங்கு அந்த ஊழியரின் சைக்கிளுக்கும் பஸ் கட்டணத்துக்கும் போகிறது. பெரிய இயந்திரம் வாங்கினோம் என்று படம் போட்டுக் காட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. இந்த ஊழியம் வெற்றியடைந்தால் ஒன்றும் நடவாது. ஒரு தகப்பன் வழக்கம்போலக் காலையில் வேலைக்குப் போவார், அவ்வளவுதான். அந்த ஒன்றும் நடவாமைக்காகத்தான் உங்களைக் கேட்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள். இதை வாசிக்கிற நீங்களும் 30 வயதைக் கடந்தவராயிருந்தால் இந்த மாதத்திலேயே உங்கள் அழுத்தத்தைப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய வராந்தாவில் ஒரு மேசை, ஒரு கருவி, சபையிலுள்ள ஒரு செவிலியர் இருந்தால் போதும். பெண்கள் ஐக்கிய சங்கமோ வாலிபர் சங்கமோ இதை மாதம் ஒரு முறை நடத்தலாம்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் படுக்கையோடு சுமந்து வந்தார்கள். கூட்டத்தினிமித்தம் வாசல் வழியாய்ப் போகக் கூடாமல், கூரையைப் பிரித்து அவனை ஆண்டவருக்கு முன்பாக இறக்கினார்கள். அந்த நாலு பேரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. விழுந்தவனை அவர்கள் சுமந்தார்கள். இன்னும் விழாதவர்களைத் தாங்கிக்கொள்ளும் வாய்ப்பு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொத்தனாருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும், அட்டையைக் கையில் பிடித்து வீடு வீடாய்ப் போகிற எங்கள் ஊழியர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
உங்கள் அன்புள்ள
மருத்துவமனை ஊழியர்கள்